குழியை மேடாக்கிய குரு

கம்போங் ஸ்லா ஊர்க்காரர்களின் அதிர்ஷ்டம் எங்கே தொலைந்தது என்பது ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. சந்திரனில் பெரிய குழி ஒன்று இருக்கிறதாம். அதற்குள் விழுந்து கிடக்கிறதாம். கண்டுபிடித்துச் சொன்னவர் குரு பிசேத். தலைநகர் புனோம்பென் பக்கத்திலிருந்து வந்தவர். வெள்ளைப் பட்டுச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, விரலுக்கு ஒரு மோதிரம். ஊரின் அதிர்ஷ்டம் குழிக்குள் கிடந்தாலும் அவருடையது மட்டும் பத்திரமாக விரலிலேயே இருந்தது.

தண்ணீர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம் பூராவும் ஏரியைப் பார்க்க மேலே ஏறிய தொன்லே சாப் ஆறு, மனம் மாறித் திரும்பிக் கடலைப் பார்க்க ஓடத் தொடங்கும் சமயம். படகுப் போட்டிக்குத் துடுப்புப் போட்டுப் பழக வேண்டிய வாலிபர்கள் எல்லாம் குருவின் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வாத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். வாத்து இல்லாதவர்கள் நெல் கொண்டுவந்தார்கள். நெல்லும் இல்லாதவர்கள் பிராஹோக் ஜாடியைத் தூக்கிவந்தார்கள். உப்பிலும் புளிப்பிலும் மாதக்கணக்கில் ஊறிய அந்த மீன் வாசனை குருவுக்கு முன்னால் ஆற்றங்கரையை ஆசீர்வதித்தது. குரு பணத்தைக் கையால் தொடமாட்டார். பணம் அழுக்கு என்பார். வாத்து சுத்தம் போலிருக்கிறது.

கொட்டகைக்குள் போனால் எதிரே ஒரு படம். முறத்தைவிடப் பெரியது. தங்கக் கலர் பூசிய சட்டத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாகச் சந்திரனின் குழி. அது நிஜப் படம்தான், அதில் மோசடி ஒன்றும் இல்லை. எந்த ஊர்ப் புத்தகத்திலிருந்து கிழித்துப் பெரிதாக்கினாரோ தெரியாது. வட்டமான விளிம்பு. உள்பக்கச் சுவர் படிக்கட்டு போலச் சரிந்து இறங்கும். அடியில் சமதரை. தரையின் நடுவே குட்டியாக ஒரு மலை. விளிம்பின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொத்தல்கள். குழியிலிருந்து நாலா பக்கமும் சிதறி ஓடும் வெள்ளைக் கீற்றுகள்.

குரு ஒரு பிரம்பால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார். இதோ படிக்கட்டு, உன் குடும்பம் கீழே இறங்கிவந்த படிக்கட்டு. இதோ வெள்ளைக் கீற்று, உன் அதிர்ஷ்டம் தெறித்து ஓடிய தடம். இந்தப் பொத்தல்கள் உன் சொந்தக்காரர்கள் வைத்த பொறாமை. நடுவில் ஒரு குன்று தெரிகிறதே, அதுதான் உன்னிடம் மிச்சமிருப்பது. அதையும் காப்பாற்ற வேண்டுமென்றால் வாத்தை அந்த மூலையில் கட்டு.

வாத்தைக் கட்டியதும் குருவின் கையாள் ரோன் படத்தின் மேல் சிவப்புப் பட்டைப் போர்த்துவான். குரு கண்ணை மூடி மந்திரம் சொல்வார். ரோன் பட்டுக்குள் கையை விட்டுச் சட்டத்தைத் துடைப்பான். பிறகு பட்டை விலக்கினால், குழியைக் காணோம். அதே இடத்தில் ஒரு மேடு. அறுப்பு முடிந்த களத்தில் குவித்த நெல்லைப் போல உருண்டு திரண்டு நிற்கும். பார்த்தவர்கள் கைகூப்பிவிட்டு அழுதுகொண்டே வெளியே வருவார்கள். குவியலின் உச்சியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டாராம். தேவர்கள் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்திருக்கிறார்கள் என்று குரு சொன்னாராம். கேட்டவர் வெட்கப்பட்டு இன்னொரு வாத்தும் கொடுத்தார்.

அடுத்த குடும்பம் உள்ளே போகும்போது படம் மறுபடி குழியாக இருக்கும். போன வீட்டுக்காரனுக்கு நிரம்பிய குழி இந்த வீட்டுக்காரனுக்கு எப்படிக் காலியாயிற்று என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கொரு குழி என்றார் குரு. சரிதான், அடுத்தவன் குழியில் நாம் விழ முடியாதல்லவா.

இந்த ஊரில் ஆட்களை அக்கரை சேர்க்கும் ஒரே படகோட்டி கோசால். ஆறடி ஆள். சுழலில் மாட்டிய படகைத் தனியாளாக இழுத்துக் கரைசேர்ப்பவன். ஆனால் கூரையில் டோக்கே பல்லி ஒற்றைப்படையில் கத்திவிட்டால் அன்றைக்குப் படகை அவிழ்க்கமாட்டான். தும்மினால் உட்கார்ந்துவிடுவான். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு பெரிய பயத்தை எப்படி மடித்துவைத்திருக்கிறான் என்று மாலிஸ் சிரிப்பாள்.

மாலிஸ் கணவனை இழந்தவள். அரிசி மாவைப் பிழிந்து நூல் நூலாக வேகவைத்து, பச்சை நிற மீன்குழம்பு ஊற்றி விற்பவள். தினமும் காலையில் தோள்கம்பின் இரண்டு முனையிலும் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு கோசாலின் படகில் அக்கரைச் சந்தைக்குப் போவாள். போகப் போகப் பேச்சு வளர்ந்தது. திருவிழா முடிந்ததும் கல்யாணம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கோசால் குருவிடம் போனான். அங்கேதான் வினை. பட்டைப் போர்த்தினார்கள், மந்திரம் சொன்னார்கள், பட்டை விலக்கினார்கள். ஊரில் எல்லாருக்கும் மேடான குழி அவனுக்கு மட்டும் குழியாகவே இருந்தது. குரு நெடுநேரம் தலையை ஆட்டினார். இது ஆழமான குழி, வாத்துக்கெல்லாம் நிரம்பாது, படகு போட்டால்தான் நிரம்பும் என்றார். பௌர்ணமி அன்று படகைச் சந்திரனுக்குக் கொடுத்துவிட வேண்டும். குருவே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பித்துவிடுவார். சந்திரனுக்குப் படகு எதற்கு, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடுகிறதா என்று கோசால் கேட்கவில்லை. இத்தனை வாத்தையும் நெல்லையும் தன் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் குருவுக்கு ஒரு படகு தேவைப்பட்டது என்பதும் அவனுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் படகில் கூட்டமில்லை. தயங்கித் தயங்கி மாலிஸிடம் சொன்னான்.

"உன் முதல் வீட்டுக்காரர் அந்தக் குழியிலதான் கெடக்காராம். ஓரத்துல ஒரு பொத்தல் இருக்கு பாரு, அது அவருதானாம். அடுத்த பொத்தல் எனக்காம்."

மாலிஸ் கூடையை இறக்கிவைத்தாள். "சொகுன் காய்ச்சல்ல செத்தாரு. நான் பக்கத்துலயே உக்காந்து நெத்தியில துணி நனைச்சு நனைச்சுப் போட்டேன். அவரு என் மடியிலதான் போனாரு, சந்திரனுக்குப் போகல."

"படகக் குடுத்துட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"அப்ப அந்தக் குழி யாரு? நான்தான?"

கோசால் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலிஸுக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"படகு உங்களது. குடுங்க, குடுக்காம இருங்க. ஆனா எங்கிட்டயிருந்து தப்பிக்கிறதுக்கு வெல குடுத்துட்டு வர்ற ஆளுக்கு நான் சோறு போட மாட்டேன், ஆமா."

அன்றைக்கு அவள் இறங்கும்போது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோசாலுக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் குழி, இன்னொரு பக்கம் மாலிஸ்.

குரு இன்னொரு வியாபாரமும் செய்துகொண்டிருந்தார். படத்தைப் போலவே உள்ளங்கை அகலத்தில் அட்டைகள். தலைப்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. வீட்டில் குழி மேடாகும்வரை வைத்துக் கும்பிட வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு: பொட்டு எப்போதும் மேலே இருக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் மிச்சமிருக்கும் அதிர்ஷ்டமும் கொட்டிவிடும். இதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் தலை என்றால் தலை, கால் என்றால் கால். தூங்குகிறவன் தலைப்பக்கம் யாரும் தாண்டிப்போக மாட்டார்கள். கும்பிடுகிற படத்தைத் தலைகீழாகப் பிடிக்க எவனுக்குக் கை வரும். குரு இந்த மரியாதையைத்தான் முதலாகப் போட்டுக் கடை வைத்திருந்தார்.

அந்த அட்டைதான் அவர் காலை வாரியது. இரண்டொரு நாள் கழித்து யோன் அத்தை அட்டையை மடியில் விரித்து வைத்துக் கும்பிட்டபடி படகில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிர்ப்பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர் மீன்காரர் ஹோக்.

"அத்தை, உங்களுக்கு மேடாயிடுச்சு போல. நல்லாக் குவிஞ்சிருக்கே," என்றார் ஹோக் பொறாமையோடு.

"எங்கய்யா மேடு? அதலபாதாளமாக் கெடக்கு. நான் இன்னும் வாத்தே குடுக்கலையே."

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? மேடு."

"ஒனக்குத்தான் தெரியல. குழி."

சண்டை முற்றியது. அத்தை பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் குழி என்றார்கள். ஹோக் பக்கம் இருந்தவர்கள் மேடு என்றார்கள். சரிபார்க்க இந்தப் பக்கத்தவர்கள் அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கமும் தாவ, படகு ஒருக்களித்துத் தண்ணீர் உள்ளே ஏறியது. கோசால் அதட்டி உட்காரவைத்தான். மாலிஸ் மட்டும் கேட்கவில்லை. அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். குழி. ஹோக்கின் தோளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மேடு. மறுபடி வந்து பார்த்தாள். பிறகு அத்தையின் மடியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு படகின் பின்முனைக்குக் கோசாலிடம் வந்தாள்.

பொட்டு மேலே இருக்கும்படி காட்டினாள். பொட்டைக் கீழே திருப்பினாள். கோசால் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறங்க. வானம் இடிஞ்சா விழுது?"

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். மேடு. அவனுக்கு வியர்த்தது. ஆனால் நம்பிக்கை என்பது லேசில் கழல்கிற சட்டையா என்ன. இது நகல்தானே, நகலுக்குச் சக்தி கிடையாது, பெரிய படம் அப்படியில்லை, அதை யாரும் திருப்பவில்லை, ரோன் துடைக்க மட்டும்தான் செய்கிறான் என்றான்.

"சரி. அந்தப் படம் திரும்புதா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன். திரும்பலைன்னா நானே உங்க படகத் தள்ளிவிடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நானும் சேந்து கும்பிடறேன். சம்மதமா?"

கோசால் சம்மதம் என்றான். அவள் மறுபடி தன்னோடு பேசியதே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஊரே ஆற்றங்கரையில் கூடியது. புது அவலும் வாழைப்பழமும் இளநீரும் பாயில் பரப்பியிருந்தார்கள். வரும் வருஷ மழையைக் குறி பார்க்க, மெழுகுவர்த்திகளைச் சாய்த்து வாழையிலையில் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்திரன் அக்கரைப் பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து மெள்ள எழும்பினான். தன் பெயரில் இங்கே என்னென்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. பூமாலை சுற்றிய படகு கரையில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கயிறு குருவின் கையில் இருந்தது.

படத்தை ஒரு கம்பத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் விளக்கு. குழி தெளிவாகத் தெரிந்தது. பட்டைப் போர்த்தப்போகும் சமயம் மாலிஸ் ஒரு தட்டோடு முன்னே வந்தாள். படத்தின் கால்பக்கம் மட்டும் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ள அனுமதி கேட்டாள். குரு பூரித்துப்போனார். அடங்காத பெண் அடங்கிவிட்டாள் என்று கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். மாலிஸ் பயபக்தியோடு குனிந்தாள். தட்டில் இருந்தது அவள் காலையில் பிழிந்த அரிசிநூல். அதில் ஒரு இழையை எடுத்து, சட்டத்தின் கீழ்விளிம்பின் நடுவே அழுத்தி ஒட்டிவிட்டு, கைகூப்பிப் பின்வாங்கினாள். எங்கள் ஊர் அரிசி ஒட்டினால் ஒட்டினதுதான்.

பட்டு விழுந்தது. குரு மந்திரம் சொன்னார். பட்டுக்குள் ரோனின் முழங்கைகள் வழக்கம்போலத் துடைத்தன. பட்டு விலகியது.

மேடு.

கூட்டம் பெருமூச்சு விட்டது. கிழவிகள் நெற்றி தரையில் பட விழுந்தார்கள். கோசாலின் கண்ணிலும் நீர் கோத்துக்கொண்டது. குழி மூடிவிட்டது, இனி பயமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். சட்டத்தின் மேல்விளிம்பின் நடுவிலிருந்து, கிழவர் நெற்றியில் புரளும் நரைமுடி போல, ஒரு அரிசிநூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"குருவே," என்றாள் மாலிஸ், "நான் கால்ல ஒட்டின நூலு எப்படித் தலைக்குப் போச்சு?"

குரு ஒரு கணம்தான் திகைத்தார். பழம் தின்று கொட்டை போட்ட ஆள் அல்லவா. "பார்த்தீங்களா மக்களே, அதிசயத்தை. இந்தப் பொண்ணு கால்ல வெச்ச படையலச் சந்திரன் மனசார ஏத்துத் தலைமேல வெச்சுக்கிட்டான்."

ஆகா என்றது கூட்டம். ஒரு அதிசயம் என்று வந்தவர்களுக்கு இலவசமாக இன்னொன்று. எழுந்துகொண்டிருந்த கிழவிகள் மறுபடி விழுந்தார்கள். மாலிஸ் அப்படியே நின்றுவிட்டாள். உண்மையை ஒட்டிக் காட்டினால்கூட அதற்கும் கும்பிடு போடுகிற ஊரை என்ன செய்வது. அவள் கோசாலைப் பார்த்தாள்.

கோசால் எழுந்தான். படத்தை நோக்கி நடந்தான்.

"படகோட்டி, தொடாதே. தலைகீழாத் திருப்பினா ஊரே தலைகீழாகும். உன் குடும்பம் வெளங்காது," என்றார் குரு. முதல்முறையாக அவர் குரல் கீச்சிட்டது.

கோசாலின் கை சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து தலையென்றும் காலென்றும் பழகிய கை. திருப்பிவிட்டால், ஒருவேளை குரு சொன்னது நிஜமாகிவிட்டால்?

"நம்ம ஆத்துத் தண்ணியே வருஷம் தவறாமத் திரும்புது," என்று பின்னாலிருந்து மாலிஸின் குரல் கேட்டது. "அதுக்குத்தான இன்னைக்குத் திருவிழாவே எடுக்குறோம். ஊரு தலைகீழாவா போச்சு?"

கோசால் படத்தைத் தூக்கினான். பின்பக்கத்தைப் பார்த்தவன் சிரித்துவிட்டான். ஊருக்கும் தெரியும்படி விளக்கருகே பிடித்தான். மாட்டுவதற்கு மேலே ஒரு வளையம். கீழேயும் ஒரு வளையம். ஒரு படத்துக்கு எதற்கு இரண்டு வளையம்? பிறகு அதைத் திருப்பி ஆணியில் மாட்டினான். அரிசிநூல் கீழே போயிற்று. மேட்டைக் காணோம், குழி வந்துவிட்டது. மறுபடி திருப்பினான். மேடு. மறுபடி. குழி. மந்திரமில்லை, பட்டில்லை, வாத்துமில்லை.

யோன் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப நேத்து நான் குடுத்த வாத்து?"

அவ்வளவுதான். கரையே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஊர் முழுக்கக் கொட்டகைக்கு ஓடியது. எது யாருடைய வாத்து என்று வாத்துகளுக்கே தெரியவில்லை. பிராஹோக் ஜாடிகளை அவரவர் மூக்கால் அடையாளம் கண்டார்கள். ரோன் பட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் கூலிக்கு வந்தவன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நாலு பேர் குருவை மொத்துவதற்குக் கை ஓங்கினார்கள். மாலிஸ் தடுத்தாள். இந்த ஆள் பாதித் திருடன், மீதியை நாம்தானே கொடுத்தோம், அடிப்பதென்றால் எல்லாரும் வரிசையில் நில்லுங்கள் என்றாள். ஓங்கிய கைகள் இறங்கின.

குரு ஊரைவிட்டுப் போவதற்கு ஒரே வழி ஆறு. ஆற்றைத் தாண்ட ஒரே வழி கோசாலின் படகு. கொஞ்சம் முன்பு அவர் கையிலிருந்த அதே கயிற்றை அவிழ்த்து, அதே பூமாலையோடு, கோசால் அவரை ஏற்றிக்கொண்டான். கூலி வேண்டாம், படம் போதும் என்றான். நடு ஆற்றில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. குருவுக்கு அந்தக் குழியில் கொஞ்சமாவது நம்பிக்கை உண்டா என்று கேட்டான்.

"நான் எதுக்கப்பா நம்பணும்?" என்றார் பிசேத், ஈரமான செருப்பை உதறியபடி. "அதுக்குத்தான் நீங்க இத்தன பேரு இருக்கீங்களே."

கோசால் அவரை இறக்கிவிட்டு வந்து, மாலிஸின் முன்னால் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, நீ குழி இல்லை என்றான். அது எனக்கு முன்னாடியே தெரியும் என்றாள் அவள். பிறகு அவலும் வாழைப்பழமும் பிசைந்து அவன் வாயில் வைத்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அன்று காலையில் டோக்கே பல்லி ஒற்றைப்படையில்தான் கத்தியதாம், மாப்பிள்ளை எண்ணவில்லை.

படம் இப்போது மாலிஸின் கடையில் தொங்குகிறது. ஒரு நாள் குழி, ஒரு நாள் மேடு, அவள் மனசைப் பொறுத்தது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று பழகிய கண், நிழல் இடம் மாறினால் குழியை மேடென்று எடுத்துக்கொள்ளும். வாடிக்கைக்காரர்கள் அது என்ன என்று கேட்டால் மாலிஸ் மாவுத்தட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக் காட்டுவாள். பொத்தென்று குழி விழும், சுற்றிலும் மாவு கீற்றுக் கீற்றாகத் தெறிக்கும். நடுவில் குன்று எப்படி வந்தது என்றால் கோசால் சொல்வான்: ஆற்றில் மழைத்துளி விழுவதைப் பாருங்கள், விழுந்த இடத்தில் முதலில் பள்ளம், அப்புறம் நடுவிலிருந்து ஒரு துளி மேலே துள்ளும்; பெரிய கல் பெரிய வேகத்தில் விழுந்தால் பாறைகூட அப்படித்தான் துள்ளும் போலிருக்கிறது. குழியின் கரை சரிந்து சரிந்து படிக்கட்டானது. அதில் யாருடைய புருஷனும் விழவில்லை.

குரு பிசேத்தும் சௌக்கியம். ஏரிக்கரைப் பக்கம் வேறொரு ஊரில் வேறொரு படத்தோடு உட்கார்ந்திருக்கிறாராம். அங்கேயும் வரிசை நீளமாம். அதையும் தலைகீழாகத் திருப்பக் கூடாதாம். திருப்பக் கூடாது என்று எவனாவது ஒன்றைக் காட்டிச் சொன்னால், வாத்தை அவிழ்ப்பதற்கு முன்னால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் தலை கொஞ்சநேரம் உங்களிடமே இருக்கட்டும்.